வலது மூலை

நாற்பத்தொரு நாள் துருசுக் கட்டில் இருந்தது கமரா,
ஐஸ்கிரீம் பெட்டியை வெட்டிச் செய்த குடைக்குள்.
பத்து நிமிசத்துக்கு ஒரு படம்,
விடிந்ததிலிருந்து இருளும்வரை.
முத்தையன்கட்டு ஏறி ஏறி
வான் பாய்ந்த அன்று நிறுத்தினேன்:
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு.
கமக்காரர் அமைப்புக்கு இரண்டு நிமிச வீடியோ.
முற்பணம் ஐயாயிரம். மிச்சம்
ஆண்டுக்கூட்டம் முடிய.

ஒட்டுசுட்டான் சந்தியில், ரியூப் ஒட்டுகிற கடைக்கு மேலே
மூன்று இரவு இருந்து திருத்தினேன்.
மழைக் கறுப்பை உயர்த்தினேன்.
தண்ணீரின் மஞ்சளைக் கொஞ்சம் கழுவினேன்.
லென்சில் குந்தியிருந்த ஒரு பூச்சியை
நூற்றுப் பதினாறு படத்திலிருந்து துரத்தினேன்.
கடைசியாக வலது மூலையை வெட்டினேன்.
அங்கே முள்ளுக்கம்பி, தகரம் போட்ட காவலரண்.
வெட்டச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.
கூட்டத்துக்குப் பெரியாக்கள் வருகினம் என்றுமட்டும் சொன்னார்கள்.

விடிய எழும்பி வீடியோவைத் திறந்தால்
ஒன்றும் மாறவில்லை.
அதே கறுப்பு. அதே மஞ்சள். பூச்சி
தன் இடத்தில் சுகமாக.
மூலையில் காவலரண்.

லப்டொப்பை அணைத்துப் போட்டேன்.
தற்காலிகக் கோப்புகளை அழித்தேன்.
போல்டரின் பெயரைத் தமிழிலிருந்து
ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தேன், அந்த வெட்கமும்தான் மிச்சம்.
எழுபது வீதத்தில் கறண்ட் போனது.
திரும்ப முதலிலிருந்து.
திரும்பவும் பூச்சி.

வெட்டு விழுந்ததா என்று பார்க்க
மூலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஐந்தாம் தரமோ ஆறாம் தரமோ
அங்கே ஏதோ இமைத்தது.
மூன்று செக்கனுக்கு ஒருக்கால்.
நிறுத்தி, ஒவ்வொரு படமாகப் பின்னுக்கு வந்தேன்:
கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு சைக்கிள்,
சீற்றில் பச்சை உரைப்பை சுற்றியிருக்கு,
பக்கத்தில் ஒரு ஆள்.
கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி.
அடுத்த படத்தில் இல்லை.
அடுத்த நாள், அதே நேரம், திரும்ப.

இரவு றெக்சனுக்கு எடுத்தேன்.
கிளிநொச்சியில் ஒரு சாமத்தியவீட்டு வீடியோவில் நின்றான்,
ஸ்பீக்கருக்கு மேலால் கத்தினான்:
“அக்கா, நீங்கள் படத்தைத் திருத்தேல்ல.
படத்தைப் பற்றின பதிவேட்டைத்தான் திருத்தியிருக்கிறியள்.
மற்ற சொப்ட்வெயார் பதிவேட்டை வாசிக்காது.
அது போல்டருக்குள்ள போய்
கிடக்கிறதைத்தான் பார்க்கும்.
எல்லாத்தையும் தெரிவுசெய்து
மெட்டாடேட்டாவைக் கோப்புக்கு எழுதுங்கோ.
ரெண்டு விசைதான்.”

இரண்டு விசைதான்.
போல்டரில் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும்
ஒரு சின்னக் கோப்பு வந்து குந்தியது,
வரம்பில் கொக்கு வந்து இறங்குவது மாதிரி
ஒன்று, பிறகு நாலு, பிறகு எண்ணேலாமல்.

றெண்டர் பொத்தானில் விரல்.
எடுத்தேன்.

கறுப்பு உயர்ந்தபடி இருக்கட்டும்.
மஞ்சள் போகட்டும், பூச்சியும் போகட்டும்.
மூலையை மட்டும் திறந்துவிட்டேன்,
காவலரணோடும் சேர்த்துத்தான். வேறு வழி இல்லை,
இரண்டும் ஒரே மூலை.
திரும்ப அந்த இரண்டு விசை.

மிச்சக் காசு வருமோ தெரியாது.

வீதம் ஏறிக்கொண்டிருந்த நேரம்
அவரை எண்ணினேன். நாற்பது தரம்.
ஒரு நாள் குறைந்தது, இருபத்தேழாம் நாள்.
மழை என்று நினைத்தேன். படத்தில் நல்ல வெயில்.

மேசை லாச்சியிலிருந்து
பில் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன்.
அன்றைய திகதி, காலமை, என் எழுத்து:
தவபாலன். காணி விடுவிப்புக் கடிதம்.
போட்டோகொப்பி, நாலு.
சைக்கிளை ரியூப் கடைக் கப்பில் சாத்திவிட்டு
படியேறி வந்தவர்.
ஐந்தாவது கொப்பி இலவசமாகத் தரட்டோ என்று கேட்டேன்.
இருக்கிறது காணும், பிள்ளை, என்றார்.